பூவுக்கு வளர்த்த மஞ்சள்

பிறந்த வீட்டைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொல்லிவிட்டால் போதும், அந்த அக்காவுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். சண்டைக்கு வரமாட்டாள். குரலை உயர்த்தவும் மாட்டாள். "அப்படியில்லத்தா, எங்க வீட்டு ஆளுக அப்படிப்பட்டவுக இல்ல" என்று ஆரம்பித்து ஒரு காரணம் சொல்வாள். கேட்கிறவர்கள் அந்தக் காரணத்தை நம்ப வேண்டுமே என்கிற கவலையெல்லாம் அவளுக்குக் கிடையாது. இத்தனைக்கும் அந்த வீட்டு ஆட்கள் அவளைத் தலைமுழுகிவிட்டிருந்தார்கள்.

அருப்புக்கோட்டையை ஒட்டின பாளையம்பட்டியில் ஒரே சுவரை நடுவில் வைத்து இரண்டு வீடு. ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும். அவர் வண்டி மாடு வைத்துப் பருத்திப் பொதி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் அக்கா, அவளைக் கட்டிய கம்பவுண்டர், கம்பவுண்டருடைய அம்மா. அவர்கள் வேதக்காரர்கள். அக்கா பிறப்பில் அப்படி இல்லை. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் கரிசல் நிலம் நிறைய வைத்திருந்த சம்சாரி வீட்டுப் பெண். விஷக்காய்ச்சல் கண்டு வேதக்கோயில் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் படுத்திருந்தாள். காய்ச்சல் விட்டது. மருந்து கலந்து கொடுத்தவர் மேல் வைத்த மனசு விடவில்லை. பிறந்த வீட்டில் வைத்த பேர் ஒன்று, ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று. இரண்டில் எதைச் சொன்னாலும் பாதி ஆள்தான் வருவாள். அதனால் அக்கா என்றே சொல்லிவிடுகிறேன். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கல்யாணம் முடிந்து அவளுக்கு முதல் தை வந்தது. எங்கள் பக்கத்தில் தலைப்பொங்கலுக்குப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் வந்தாக வேண்டும். அரிசி, வெல்லம், பானை, கரும்பு, எல்லாவற்றுக்கும் மேலே இலையும் கிழங்குமாகப் பச்சை மஞ்சள் கொத்து. வானம் பார்த்த பூமியில் மஞ்சள் ஏது? எங்கிருந்தோ வண்டியில் வந்து சந்தையில் குவியும். அதை வாங்கி அண்ணனோ தம்பியோ தோளில் போட்டுக்கொண்டு தெரு வழியாக வந்தால்தான் பெண்ணுக்குத் தலை நிமிரும்.

வேதக்காரர் வீட்டில் பொங்கல் கிடையாது. ஆனாலும் அக்கா போகிக்கு முதல் நாளே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஊருணியில் தண்ணீர் மொள்ள வந்தவர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன கம்பவுண்டரம்மா, ஒங்க வீட்டுச் சீரு வண்டியில வருதா, யானையில வருதா?"

"வரும்த்தா. எங்க அண்ணன் கொண்டாருவாக. வேதத்துல சேந்துட்டா கூடப்பிறந்தவ இல்லேன்னு ஆயிருமா?"

போகி போயிற்று. பொங்கலன்று காலையிலும் வாசலில் நின்றாள். நான் கோலம் போடும்போது என்னைப் பார்த்துச் சிரித்து, "வண்டிப் பாதை மோசம்ல, அதான் சொணக்கம்" என்றாள். நான் கேட்கவே இல்லை.

என் தம்பி எனக்கு இரண்டு கொத்துக் கொண்டுவந்திருந்தான். பானைக் கழுத்தில் ஜோடியாகக் கட்டுவதுதான் வழக்கம். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் பின்வாசற்படியில் வைத்துவிட்டு ஓடி வந்து ஒற்றைக் கொத்தோடு பொங்கல் வைத்தேன். ஒற்றைக் கொத்துக் கட்டக் கூடாது என்பார்கள். கட்டினேன். என்ன ஆகிவிட்டது என்று கேட்டால், அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பானை பொங்கி முடியவில்லை, அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"புள்ள, இங்கன ஓடியா. யாரு வந்தாக? இதை யாரு வச்சாக?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"யாரோ ஒருத்தரு வண்டியில வந்தாகக்கா. வெள்ளை வேட்டி. நல்ல உசரம். வச்சிட்டு விருட்டுன்னு போயிட்டாக."

"காதுக்கிட்ட மச்சம் இருந்துச்சா?"

"இருந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

"அண்ணன்தான்! அம்மா சொல்லி விட்டுருப்பாக. அம்மா மறப்பாகளா?"

கொத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கிழங்கில் ஒட்டியிருந்த மண் ரவிக்கையெல்லாம் அப்பிவிட்டது. நான் வைத்தது ஒரு முழக் கொத்து. அதற்கு இத்தனை அழுகையா என்று பயந்துபோனேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை.

அவளுடைய மாமியார் கண்டிப்பான மனுஷி. மஞ்சளைப் பார்த்ததும் சாமியாடாத குறைதான். "இதெல்லாம் அஞ்ஞானம். என் வீட்டு நடையைத் தாண்டப்படாது" என்றாள். கம்பவுண்டர் சாது. இருமல் மருந்து மாதிரி இனிப்பாகப் பேசுவார்.

"பூச்செடியா இருந்துட்டுப் போகட்டும்மா. கனகாம்பரம் வைக்கலையா நாம?"

"மஞ்சள்ல எங்கடா பூ? எவன்டா பார்த்தான்?"

யாரும் பார்த்ததில்லைதான். எங்கள் ஊரில் மஞ்சள் என்றால் பிடுங்கிப்போட்ட கொத்து, இல்லாவிட்டால் செட்டியார் கடையில் காய்ந்த விரலி. அது மண்ணில் நிற்பதையே நாங்கள் கண்டதில்லை. கடைசியில் தாயும் மகனும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அரைக்கக் கூடாது, பூசக் கூடாது, குழம்பில் போடக் கூடாது. பூத்தால் இருக்கலாம். பூக்காவிட்டால் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட வேண்டும்.

அக்கா அன்றைக்கே கிழங்கைத் துண்டு துண்டாக உடைத்து மணலில் புதைத்து நிழலில் வைத்தாள். வைகாசியில் முளை எட்டிப்பார்த்ததும் விளிம்பு உடைந்த பெரிய பானை ஒன்றில் நட்டாள். ஊருணிக்கரை வண்டல், ஆட்டுப் புழுக்கை, கொஞ்சம் மணல். குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பூவரசு நிழலில் பானை. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஊரில் பூச்செடிக்குத் தண்ணீர் கேட்டால் உதைப்பார்கள். அரிசி களைந்தது, கை கழுவியது, ஒரு சொட்டு வீணாக விடமாட்டாள். கம்பவுண்டர் பானைக்கு முன்னால் குத்தவைத்துத்தான் முகம் கழுவ வேண்டும். "என் மகன் தினம் கிழங்குக்குக் கும்பிடு போடுறான், கர்த்தர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார்" என்று மாமியார் புலம்புவாள்.

முதல் வருஷம் இலைதான். வாழைக்குருத்துப் போலக் கிளம்பியது, அகன்றது, கார்த்திகையில் ஓரம் கருகியது, தையில் சருகாகி மடிந்தது. மாமியார் பானையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏ பிள்ளே, பேசுனது ஞாபகம் இருக்கா?"

"எங்கம்மா குடுத்துவிட்டது பூக்காமப் போகாது அத்தை. ஊரு புதுசுல்ல. வந்த வருஷமே பேசுமா? கூச்சப்படுது."

"ஒங்க வீட்டுக் கிழங்குக்குக் கூச்சம் வேறயா!" என்று அந்தக் கிழவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் பானை இன்னொரு வருஷம் தப்பியது. கோடை முழுக்க வெறும் மண்ணுக்கு மேல் வைக்கோலைப் பரப்பிக் காவல் காத்தாள். தோண்டிப் பார்ப்போமா, உயிர் இருக்கா என்று நான் கேட்டால் அடிக்க வருவாள். சித்திரை மழை ஒன்று பெய்தது. ஒரு வாரத்தில் பானை முழுக்க முளை.

அந்தப் புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை என் பெயரைச் சொல்லி அலறினாள். தேள்தான் கொட்டிவிட்டதென்று ஓடினேன். இலைகளின் நடுவில், ஒரு சாண் உயரத்துக்குக் கதிர் மாதிரி ஒன்று எழும்பியிருந்தது. அடுக்கடுக்காக வெளிறின மடல். நுனியில் மட்டும் இளஞ்சிவப்பு ஓடியிருந்தது. கீழ் மடல்களுக்குள் ஈரமாக, சின்னதாக, மஞ்சள் பூ. மணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் மஞ்சள் பூசிக் குளித்தவள் நான், அதற்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். அக்கா மண்ணில் உட்கார்ந்து, "எங்கம்மா பார்க்கணும் புள்ள, எங்கம்மா இதைப் பார்க்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த வருஷம் வேதக்கோயில் அறுப்புப் பண்டிகைக்கு மஞ்சள் பூவைப் பித்தளைச் செம்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனது யார் என்கிறீர்கள்? மாமியார்தான். கேட்டவர்களிடமெல்லாம் "எங்க வீட்டுப் பூ" என்றாளாம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என் திருட்டை மட்டும் விட்டுவிடக் கூடாது. அடுத்தடுத்த பொங்கலுக்கு நான் கொத்து வைக்கவில்லை. பொய்யை வளர்க்கப் பயம். கொத்து வராததற்கு அக்காவே காரணம் வைத்திருந்தாள். "யுத்தக் காலம். பஸ்ஸே கரியில ஓடுது. வண்டி கட்டி வாரதுன்னா லேசா? ஒரு தரம் குடுத்துவிட்டாப் போதாதா, அதான் செடி நிக்குதே."

ஒரு தடவை நானும் அவளும் சந்தையில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே ஒருவர் வந்தார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அண்ணன்" என்றாள். அவர் அவளை நேராகப் பார்த்தார். பார்த்த கண்ணை எடுக்காமலே, வேலிமுள்ளை விலகிப் போகிற மாதிரி விலகிப் போய்விட்டார். அக்கா என் கையை விட்டாள். அப்புறம், "அண்ணனுக்கு மாலைக்கண்ணு புள்ள. சின்ன வயசுலயிருந்தே" என்றாள்.

உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது, மாலைக்கண்ணாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன், நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. நான் அன்று சொன்ன ஆள் நல்ல உயரம். போன மனுஷர் என் தோளுக்குக்கூட வரமாட்டார். அக்கா காய்கறிக் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு வண்டி மேல இருந்துருப்பாக. அதான் உனக்கு உசரமாத் தெரிஞ்சிருக்கு."

அவளுக்கு அன்றே தெரியுமா? இத்தனை வருஷமாக இதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன். தெரியும் என்று ஒரு நாள் தோன்றும், தெரியாது என்று ஒரு நாள் தோன்றும்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் என் வீட்டுக்காரர் திருச்சுழிப் பக்கம் பொதி இறக்கிவிட்டு வந்தவர், அக்காவின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று கேட்டுக்கொண்டு வந்தார். சொன்னதுதான் தாமதம், அக்கா கிளம்பிவிட்டாள். கம்பவுண்டர் நானும் வருகிறேன் என்றார். "நீங்க வந்தா அவுகளுக்குச் சங்கடம். நான் மட்டும் போயிட்டு வாரேன். எங்கம்மாதான் கொத்துக் குடுத்துவிட்டாகளே, மனசுல கோவம் இருந்தா குடுத்துவிடுவாகளா?" என்றாள்.

பானையில் அந்த வருஷம் ஏழு கதிர். நல்லதாக மூன்றை அறுத்தாள். மூன்று வருஷத்தில் அந்தச் செடியில் அவள் கத்தி வைத்து நான் பார்த்தது கோயிலுக்கு அறுத்தபோதும் அப்போதும்தான். மஞ்சள் இலையிலேயே சுற்றி, ஈரத்துணியில் பொதிந்து, பிள்ளையை வைத்துக்கொள்வது போல மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா அனுப்புன கிழங்கு எம்புட்டுப் பூத்திருக்குன்னு பார்த்தா எந்திரிச்சு உக்காந்துருவாக புள்ள" என்றாள்.

நான் மாட்டுக் கொட்டத்துக்கு ஓடினேன். அக்காவைக் கூட்டிப் போக என் வீட்டுக்காரர் மாட்டை நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அடிப்பாவி! மூணு வருசமாவா?"

"இப்பப் போயிச் சொல்லிரவாங்க?"

அவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இப்பச் சொன்னா அந்தப் புள்ள ஒடிஞ்சு போயிரும். பெத்தவ முகத்தைப் பார்த்துரட்டும். பார்த்துட்டா கொத்தாவது கிழங்காவது, எல்லாம் மறந்து போகும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சரியாகப் படத்தான் நானும் காத்திருந்தேன் போல. வண்டி போவதை வாசலில் நின்று பார்த்தேன். அக்கா திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி திரும்பியது. அக்கா இறங்கி, என் பக்கம் பாராமல் தன் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனாள். மடியில் பூ இல்லை. கொடுத்துவிட்டாள், பெற்றவள் வாங்கிக்கொண்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஆத்தா போயிப் பன்னெண்டு நாளாச்சாம். நான் கேட்டு வந்ததே பழைய சேதி."

"அப்பப் பூவு?" என்றேன்.

"நடையில அண்ணங்காரன் நின்னான். உள்ள வான்னு சொல்லலை. பன்னெண்டு நாளாச்சுன்னான். இந்தப் புள்ள நின்னது நின்னபடியே பூவை நீட்டி, அம்மா குடுத்துவிட்ட கொத்துல பூத்ததுன்னுச்சு. அவன், எந்தக் கொத்து, நாங்க என்னத்தக் குடுத்துவிட்டோம், ஒனக்கும் இந்த வீட்டுக்கும் என்ன இருக்குன்னு கதவைச் சாத்திட்டான். பூவைப் படியில வச்சிட்டு வந்து வண்டியில ஏறிருச்சு. வழி நெடுக அழுகலை புள்ள. அழுதுருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்."

நான் ஓடினேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் ஓடினேன். அக்கா குளிக்கிற கல்லில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பானைப் பக்கம் போகும்படி ஒற்றைக் காலால் மண்ணை ஒதுக்கிவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கடவுளே, அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

"வா புள்ள. அம்மாவைப் பார்த்தேன். இளைச்சுத்தான் போயிட்டாக. பூவைக் கையில வாங்கி மோந்து பார்த்தாக."

"அக்கா, அந்தக் கொத்து..."

"அம்மா குடுத்துவிட்டதுதான்." சட்டென்று சொன்னாள். "அவுகளே சொன்னாக. நான்தான்டி பொறுக்கி எடுத்துக் குடுத்துவிட்டேன்னாக."

"அக்கா, இவுக இப்பத்தான் என்கிட்ட..."

"உன் வீட்டுக்காரரு வண்டிக்கிட்ட நின்னாக. நாங்க உள்ள பேசுனது அவுகளுக்குக் கேட்டிருக்காது."

நேராக என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அதற்குள் மாமியார் விளக்கோடு வெளியே வந்து, "அம்மா எப்படி இருக்காக?" என்று கேட்டாள். "சுகமா இருக்காக அத்தை. உங்களை விசாரிச்சாக" என்றாள் அக்கா.

நான் வீட்டுக்கு வந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். பெற்றவள் போய்விட்டால் மகள் விழுந்து புரண்டு அழ வேண்டும். நாலு பெண்கள் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அவள் அழுதால் கதவு சாத்தியது வெளியே வரும், பன்னிரண்டு நாள் யாரும் சொல்லி அனுப்பாதது வெளியே வரும், பிறந்த வீட்டுக்குப் பேர் கெடும். அதற்கு அவள் விடமாட்டாள். நான் அந்தக் கொத்தை வைக்காமல் இருந்திருந்தால் அவள் அங்கே போயிருக்கவே மாட்டாளோ, எப்போதோ ஒரு நாள் சேதி தானாக வந்து, என் தோளில் சாய்ந்தாவது அழுது தீர்த்திருப்பாளோ. பாவி நான், அவளுக்கு ஒரு அம்மாவைக் கொடுப்பதாக நினைத்து, அம்மாவுக்காக அழுகிற பாத்தியதையைப் பிடுங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் அம்மா உயிரோடு இருந்தாள். "எங்கம்மாவுக்கு மழைக்குக் கால் வலி வந்துரும்" என்பாள். "எங்கம்மா இந்நேரம் பருத்திக்குக் கூலி ஆள் தேடிக்கிட்டிருப்பாக" என்பாள். நானும் வாரத்துக்கு ஒரு தடவை, "அம்மா எப்படி இருக்காகக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் விட்டால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். கேட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

யுத்தம் முடிந்த வருஷம் கம்பவுண்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சாமான்களை எங்கள் வண்டியில்தான் ஏற்றினோம். மஞ்சள் பானையை யாரிடமும் கொடுக்காமல் மாமியாரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பூக்கிற நேரம்டா, மெல்ல ஓட்டு" என்று என் வீட்டுக்காரரை அதட்டினாள். அக்கா கடைசியாக ஏற வந்தவள், என் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள். இப்போதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தேன்.

"திருச்சுழிப் பக்கம் என்னைக்காவது போனா, எங்கம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிரு புள்ள. நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. என்னை நெனைச்சு அழுக வேணாம்னு சொல்லு."

"சொல்லிர்றேங்க்கா" என்றேன்.